மொட்டைமாடிக்குக் கீழே ஒரு படுக்கையறை

திருச்சியில் மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் மேல்மாடியில் படுப்பவர்களுக்குத் தூக்கம் கெடும். இரவு பத்து மணிக்கு வெளியே காற்று ஓரளவு தணிந்திருக்கும். அறைக்குள் மின்விசிறி அனலை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே இருக்கும் ஐந்து அங்குல கான்கிரீட் தளம்தான் காரணம். பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு சாவகாசமாகக் கீழே இறக்கும். கோடையில் விடிய விடிய ஏசி ஓடுவது பெரும்பாலும் இந்தத் தளத்தோடு மல்லுக்கட்டத்தான்.

ஆகவே, படுக்கையறையைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால், முதலில் மொட்டைமாடிக்குப் போங்கள் என்பேன். விரிப்பு, திரைச்சீலை, செடி எல்லாம் அதற்குப் பிறகு.

*

சுண்ணாம்பு. கத்திரி தொடங்கும்வரை காத்திருக்காமல் பங்குனியிலேயே அடித்துவிட வேண்டும். தளத்தைக் கூட்டி, பாசி பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவிக் காயவிட வேண்டும். நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாள் இரவே ஊறவைத்து வடிகட்டி, பிடிமானத்துக்குக் கொஞ்சம் வெள்ளை சிமென்டும் ஃபெவிகாலும் சேர்த்து, மோர்ப் பதத்தில் இரண்டு கோட் அடிப்பது வழக்கம். முதல் கோட் தெற்கு வடக்காக, இரண்டாவது கிழக்கு மேற்காக. கல் சுண்ணாம்பு வாங்கினால் நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அடித்த மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு மாடியில் நின்று பார்த்தேன். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் பிரஷ் எட்டாமல் விட்டுப்போன சாம்பல் திட்டு ஒன்று இருந்தது. அதில் கால் வைத்த மாத்திரத்தில் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதை ஒட்டியே இருந்த வெள்ளையில் நின்று பேச முடிந்தது. பழுப்பேறிய கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பங்கை விழுங்கிவிடும், புது வெள்ளை பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். விஷயம் அவ்வளவுதான். அறைக்குள் இரண்டு டிகிரியிலிருந்து நான்கைந்து டிகிரிவரை குறையலாம். தளத்தின் கனம், காற்றோட்டம், மேற்குச் சுவர் என்று பலவற்றைப் பொறுத்து இது மாறும்.

ஐப்பசி மழையில் பாதி கரைந்துபோகும், மறு வருஷம் மீண்டும் அடிக்க வேண்டும். கடையில் விற்கும் கூல் ரூஃப் பெயின்ட் சில வருஷம் தாங்கும், விலை பல மடங்கு. வசதியுள்ளவர்கள் வெள்ளைத் தட்டோடு பதிக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்குகிறார்கள். சுண்ணாம்புச் செலவு நம்முடையது என்று சொன்னால் வேண்டாம் என்பவர் குறைவு. கேட்டுப் பாருங்கள்.

*

பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் பற்றி ஒரு வார்த்தை. தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டி இறுக்கிய தளம் அது. அதன் கீழே படுத்தவர்களுக்கு வெயில் கீழே இறங்கி வருவது தெரியாது. இன்று அப்படிக் கட்ட ஆளும் இல்லை, தேக்கும் இல்லை. ஆனால் புதிதாகக் கட்டுபவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கேரளத்தில் வாழ்ந்து மறைந்த லாரி பேக்கர் பரவலாக்கிய ஃபில்லர் ஸ்லாப் முறையில், தளத்தின் அடிப்பாகத்தில் பாரம் தாங்காத இடங்களில் கான்கிரீட்டுக்குப் பதிலாக மங்களூர் ஓடுகளை வைத்துவிடுவார்கள். சிமென்ட் மிச்சம், இரண்டு ஓடுகளுக்கு இடையே அகப்பட்ட காற்றால் சூடும் குறைவு. நம் ஊர் மேஸ்திரிகள் பலருக்கு இது தெரியாததால் "அதெல்லாம் சரிவராதுங்க" என்று முடித்துவிடுகிறார்கள். விடாமல் வற்புறுத்த வேண்டிய விஷயம்.

*

மேற்குச் சன்னல். திரைச்சீலையை எவ்வளவு கனமாகத் தைத்தாலும் அது கண்ணாடிக்கு உள்பக்கம்தானே தொங்குகிறது. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு அறைக்குள் வந்தாயிற்று. நிழல் வெளியே விழ வேண்டும். சன்ஷேடிலிருந்து மூங்கில் தட்டி தொங்கவிட்டால் போதும், மதியம் இறக்கி, இரவு சுருட்டி மேலே கட்டிவிடலாம். இடம் இருந்தால் மேற்கே ஒரு புங்கன் வைக்கலாம். மாசியில் இலை கொட்டும், பங்குனியில் பளபளவென்று தளிர்த்துவிடும், கத்திரிக்கு முழு நிழலோடு நிற்கும். கோடைக்கென்றே கணக்குப் போட்டுத் தளிர்க்கும் மரம்.

வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது மதுரையிலும் வேலூரிலும் பலன் தரும். காற்று உலர்ந்திருந்தால்தான் ஈரம் ஆவியாகிக் குளிரும். சென்னைக் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் புழுக்கம்தான் கூடும். ஊருக்கு ஊர் வைத்தியம் வேறு.

*

மின்விசிறி. இருபது வருஷமாக ஓடும் சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. இரவுக்குப் பத்து மணி நேரம், வருஷத்துக்கு முன்னூறு இரவு என்று வைத்தால் ஓர் அறையில் மட்டும் 135 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால், யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் கரியமில வாயு கணக்கில் சேர்கிறது. நம்மூர் கரண்ட் பில்லில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் நிறைய வீடுகளில் இந்த மிச்சம் பணமாகத் தெரியாது. நிலக்கரிக் கணக்கில் இலவசம் கிடையாது. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு, கரண்ட் போன இரவில் இரண்டு மடங்கு நேரம் காற்று வரும்.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கழற்றிவிட வேண்டும். பிஎல்டிசி ஃபேனுக்கு அது ஆகாது.

*

ஏசி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரவிலும் முப்பது டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில், வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் அப்படிச் சொல்வது கல்நெஞ்சம். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையோடு விற்கும் அறை ஏசிகள் எல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. அங்கிருந்து நாம் 18-க்கு இறக்கிவிட்டு நடுராத்திரியில் கம்பளியைத் தேடுகிறோம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மின் சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. 26-லோ 27-லோ வைத்து, மின்விசிறியை இரண்டாம் எண்ணில் ஓடவிட்டால் உடம்புக்கு 24 போலவே இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. கதவிடுக்கில் துணி செருகி மூடிய அறையில் இரண்டு பேர் எட்டு மணி நேரம் உறங்கினால், வெளியே 420 பிபிஎம் அளவில் இருக்கும் கரியமில வாயு உள்ளே 2000-ஐத் தாண்டுவது சாதாரணம். காலையில் தலை கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வீடுகளில் சுவர் உச்சியில் வென்டிலேட்டர் என்று ஒன்று இருந்தது. சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும். ஏசிக்காக அதை அடைத்துக் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வலையடித்த சின்னக் கண்ணாடிக் கதவோடு அதைத் திரும்பத் திறந்து வைக்கலாம். ஏசி ஓடாத மாதங்களில் அது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

*

திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கொசுவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சன்னலைத் திறந்து வை என்றால் முதலில் வரும் பதில் கொசுதான். அதற்குச் சுருள் கொளுத்துகிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003-ல் வெளிவந்த ஆய்வு, ஒரே ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்றது. இதைக் கதவைச் சாத்திய அறையில், குழந்தையின் தலைமாட்டில் வைக்கிறோம். நொச்சி இலைப் புகையானாலும் புகை புகைதான். முற்றத்தில் போடலாம், படுக்கையறையில் வேண்டாம்.

கொசுவலை போதும். கரூரில் நெய்யும் வலை பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான். ஆனால் பத்து வருஷம் உழைக்கும், புகை இல்லை, மருந்து இல்லை, கரண்ட் இல்லை. பிளாஸ்டிக் என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்குவது சரியல்ல. சன்னலுக்கும் அதே வலையை அடித்துவிட்டால் இரவுக் காற்று அறைக்குத் திரும்ப வரும்.

*

மெத்தை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

வண்டியில் பஞ்சு அரைக்கும் மெஷினோடு தெருத்தெருவாக வருபவர்களை இப்போதும் காணலாம். போன கோடையில் ஒருவரை நிறுத்தி, அத்தையின் கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தையைக் காட்டினோம். நடுவில் பள்ளம் விழுந்து, ஓரங்களில் கட்டி கட்டியாகப் போயிருந்தது. அவர் ஒரு மூலைத் தையலைப் பிளேடால் பிரித்து, உள்ளே கை விட்டு ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார்.

"போடிப் பஞ்சும்மா இது. பஞ்சு அப்படியே இருக்கு, துணிதான் நைஞ்சு போச்சு."

"தூக்கிப் போட்டுட்டு ஸ்பிரிங் மெத்தை வாங்கலாம்னு புள்ளைங்க சொல்றாங்கப்பா," என்றார் அத்தை.

"போட்றாதீங்கம்மா. அரைச்சுத் தைச்சுத் தரேன், பேரப்புள்ளை கல்யாணம்வரைக்கும் ஓடும்."

வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்துக் கொட்டியபோது அழுக்குப் பழுப்பாக இருந்த பஞ்சு, மெஷினுக்குள் போய் வெளியே வந்ததும் மூன்று மடங்கு உப்பியது. நடுநடுவே கறுப்பு விதைகள் தெறித்து விழுந்தன. அவர் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார், கூட வந்த பையன் அதுவும் இல்லாமல் வேலை செய்தான். நாங்கள் உள்ளேயிருந்து ஒரு முகக்கவசம் எடுத்துக் கொடுத்தோம். இந்த வேலை செய்பவர்களின் நுரையீரலைப் பற்றி நாம் கவலைப்படாவிட்டால் பசுமை என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லை. புதுத் துணியில் பஞ்சைத் திணித்து, நீள ஊசியால் குறுக்கே குத்தி முடிச்சு முடிச்சாகப் போட்டு, சாயங்காலத்துக்குள் மெத்தை தயாராகிவிட்டது.

தேனி மாவட்டம் போடி வட்டாரம் இலவம்பஞ்சுக்குப் பேர்போனது. இலவ மரத்துக்குப் பருத்திபோலப் பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை, மருந்தடிக்க வேண்டியதில்லை. நட்டால் பல பத்தாண்டுகள் காய்க்கும். அந்த இழை உள்ளே குழல்போலப் பொள்ளல், முக்கால் பங்குக்கு மேல் காற்று. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் இதை அடைத்தார்கள். உடம்பின் சூட்டை ஃபோம் மெத்தை போலப் பிடித்து வைக்காது. ஒரு குறை உண்டு: மாதத்துக்கு ஒரு முறையாவது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், சில வருஷத்துக்கு ஒரு முறை அரைக்க வேண்டும். உழைப்பு கேட்கும் மெத்தை.

பாலியூரித்தேன் ஃபோம் பெட்ரோலியத்திலிருந்து வருவது. பயன்படுத்தும்வரை சொகுசுதான், அதற்குப் பிறகுதான் தொல்லை. மட்கவும் செய்யாது, பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டார், எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு கலந்த நச்சுப்புகை வரும். அரியமங்கலம் குப்பைக் கிடங்கு எரிந்த நாட்களைத் திருச்சிக்காரர்கள் மறக்கவில்லை.

இருந்தாலும், வீட்டில் இப்போது ஃபோம் மெத்தை இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இயற்கை மெத்தை வாங்காதீர்கள். அதைச் செய்ய வேண்டிய எண்ணெயும் மின்சாரமும் செலவாகிவிட்டன. கெட்டித் துணியில் உறை தைத்துப் போட்டு, அது உழைக்கும்வரை படுங்கள். நல்ல மெத்தை ஒன்றைக் குப்பையில் சேர்த்துத் தொடங்கும் பசுமை வாழ்க்கையை நான் ஏற்க மாட்டேன்.

*

முழங்கால் ஒத்துழைக்கும் வயதில் கோடைக்குக் கோரைப்பாயே மேல். முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் விளையும் கோரையை அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். பாய் கிழிந்தால் மாட்டுத் தொழுவத்துக்குப் போய் அங்கிருந்து எருக்குழிக்குப் போய்விடும். பத்தமடையில் தாமிரபரணித் தண்ணீரில் கோரையை ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்யும் பாய் பட்டுப்போல மடியும். விலைதான் எட்டாதது. சாதாரணக் கோரைப்பாய் யாருக்கும் எட்டும். ஆனால் பஸ் ஸ்டாண்டு வாசல் கடைகளில் இப்போது தொங்குவதெல்லாம் பிளாஸ்டிக் பாய். கேட்டு வாங்கினால்தான் கோரை கிடைக்கிறது. கேட்பவர்கள் குறையக் குறைய நெய்பவர்களும் குறைவார்கள்.

*

படுக்கை விரிப்பு. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு, வயல் முதல் கடைவரை, உலகச் சராசரியாக சுமார் 10,000 லிட்டர் தண்ணீர். அதற்கு மேல் சாயம். நொய்யலாற்றுக் கதை நமக்குப் புதிதல்ல. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. கரூரின் விரிப்புகளுக்கு ஏற்றிய சாயத்தை அமராவதி சுமந்தது. நொய்யலும் அமராவதியும் சேர்வது காவிரியில். அந்தக் காவிரியைத்தான் கீழே திருச்சியில் நாம் குடிக்கிறோம். அடர்ந்த கறுப்பிலும் கருநீலத்திலும் விரிப்பு எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன். சென்னிமலைக் கைத்தறி விரிப்பு, கோ-ஆப்டெக்ஸில் கிடைக்கும் வெளிர் நிறங்கள், சாயமே ஏறாத காடா, இவை எனக்குப் போதுமானவை. எண்ணிக்கையைக் குறைப்பது நிறத்தைக் குறைப்பதைவிட முக்கியம்.

மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். மூங்கிலைக் காரத்திலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து இழையாக்கியது. பெயரைப் பார்த்து விலை கொடுக்க வேண்டாம்.

*

பீரோ. நம் வீடுகளின் இரும்பு பீரோவைப் பழசு என்று ஒதுக்குகிறார்கள். ஐம்பது வருஷம் உழைத்து, பெயின்ட் அடித்தால் இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும் பொருளைக் கொடுத்துவிட்டு, ஒரு மழைக்காலத்து ஈரத்தில் உப்பிவிடும் மரத்தூள் பலகை அலமாரியை வாங்குகிறார்கள். அந்தப் பலகையின் பசையிலிருந்து மாதக்கணக்கில் கசிவது ஃபார்மால்டிஹைடு. புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் இருப்பது. புது அலமாரி வாசனை என்று நாம் மகிழ்வதில் அதற்கும் பங்கு உண்டு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய மரக்கடைக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

துணிகளுக்கிடையே பாச்சை உருண்டை போடாதீர்கள். அதில் இருக்கும் நாப்தலீன் கைக்குழந்தைகளில் சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். நிழலில் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் நம் பாட்டிகள் வைத்தவை.

*

செடி. அழகுக்கு வையுங்கள், தடையில்லை. காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வைக்காதீர்கள். 1989-ல் நாசா செய்த சோதனை அடைத்த சிறு பெட்டிக்குள் நடந்தது. பின்னால் வந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட 2019 ஆய்வு, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள்வரை வேண்டும் என்றது. சன்னலைத் திறப்பது சுலபம். தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வேறு.

*

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. ஏசிக்குள் இருக்கும் கேஸ். இப்போதைய ஏசிகள் பலவற்றில் உள்ள ஆர்-32, கரியமில வாயுவைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. அதற்கு முன் வந்த ஆர்-410ஏ இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். ஒன்றரை டன் ஏசியில் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். ஆர்-32 ஒரு கிலோ காற்றில் கலந்தால், சுமார் 950 யூனிட் மின்சாரம் செலவழித்ததற்குச் சமம். ஒரு கோடை முழுக்க 26-ல் வைத்து மிச்சம் பிடித்ததெல்லாம் சில நிமிடத்தில் போய்விடும். வீடு மாறும்போது, ஏசி கழற்ற வருபவர்கள் அவசரத்தில் குழாயைத் திருகி 'புஸ்'ஸென்று வெளியே விட்டுவிட்டு, புது வீட்டில் புது கேஸ் அடைத்துக் காசு வாங்குகிறார்கள். பழுதான ஏசியைக் காயலான் கடைக்குப் போட்டால் செம்புக் குழாயை வெட்டும்போதே எல்லாம் போய்விடும்.

ஓடுகிற ஏசி என்றால் வழி இருக்கிறது. கூலிங்கில் ஓடவிட்டு, வெளி யூனிட்டின் மெல்லிய குழாய் வால்வை முதலில் மூடி, கேஸ் முழுவதும் வெளி யூனிட்டுக்குள் சேர்ந்ததும் தடித்த குழாய் வால்வையும் மூடி, உடனே நிறுத்திவிட வேண்டும். மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரிந்த முறைதான், பம்ப் டவுன் என்பார்கள். ஓடாத ஏசியானால் கேஸை சிலிண்டரில் உறிஞ்சி எடுக்கும் மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டும். அடுத்த முறை ஏசி கழற்ற ஆள் வரும்போது, "பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழட்டுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். பத்து நிமிட வேலை.